பழைய இன்டெல் மதர்போர்டில் 8, 9ஆம் தலைமுறை பிராசசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 முதல் 2017 வரை வாங்கிய கணினி இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, பிராசசர் மட்டும் போதவில்லை என்று சொல்பவர்களுக்காக இந்தப் பக்கம். எச்110, பி150, எச்170, இசட்170 ஆகிய 100 வரிசை மதர்போர்டுகளும் பி250, எச்270, இசட்270 ஆகிய 200 வரிசை மதர்போர்டுகளும் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன. இவற்றில் 'காஃபி லேக்' எனப்படும் 8, 9ஆம் தலைமுறை கோர் பிராசசர்களை ஓட்ட முடியும். இன்டெல் இதை அனுமதிக்கவில்லை. மதர்போர்டு நிறுவனங்களும் ஆதரவு தருவதில்லை. ஆனாலும் முடியும். எதற்குத் துணியலாம், எதற்குத் துணியக் கூடாது என்பதைப் பிரித்துக் காட்டுவதே நோக்கம்.

பழைய பிராசசருக்கும் புதியதற்கும் ஒரே சாக்கெட்தானே, பிறகு ஏன் சும்மா பொருத்தினால் ஓடுவதில்லை?

இரண்டுக்கும் எல்ஜிஏ1151 சாக்கெட்தான். 2015 ஆகஸ்டில் 6ஆம் தலைமுறையோடு வந்தது. 2017 ஜனவரியில் வந்த 7ஆம் தலைமுறையும் அதே சாக்கெட்டில் பொருந்தியது. பழைய மதர்போர்டுகளுக்குப் புதிய பயாஸ் (கணினியை எழுப்பும், மதர்போர்டின் சிப்பிலுள்ள அடிப்படை நிரல்) மட்டுமே போதுமானதாக இருந்தது. 2017 அக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தபோது, இசட்370 மதர்போர்டு இல்லாமல் அது ஓடாது என்று இன்டெல் அறிவித்தது. ஒன்பது மாதங்களுக்கு முன் இசட்270 வாங்கியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பிராசசரின் அளவும் வெட்டுக்குறிகளும் மாறவில்லை. சாக்கெட்டில் அப்படியே உட்காரும். ஆனால் மூன்று இடங்களில் தடை இருக்கிறது. பழைய பயாஸுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. சாக்கெட்டில் பிராசசர் இருக்கிறது என்று மதர்போர்டுக்கு அறிவிக்கும் தொடுபுள்ளி இடம் மாறியிருக்கிறது. பழைய பிராசசரில் வெறுமனே விடப்பட்டிருந்த சில தொடுபுள்ளிகளுக்குப் புதியதில் வேலை தரப்பட்டிருக்கிறது. முதல் தடையை மென்பொருளாலும் மற்ற இரண்டையும் கையாலும் நீக்க வேண்டும்.

மின்சாரம் போதாது என்று இன்டெல் சொன்ன காரணம் உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிராசசரைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்தது.

இன்டெல் வெளியிட்ட ஆவணங்களின்படி, 7ஆம் தலைமுறையில் கோர்களுக்கு மின்சாரம் ஊட்டும் தொடுபுள்ளிகள் 128. காஃபி லேக்கில் அவை 146. தரையிணைப்புத் தொடுபுள்ளிகள் 377இலிருந்து 391 ஆயின. எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்தவை 46இலிருந்து 25 ஆகக் குறைந்தன. நான்கு கோர் ஆறு கோர் ஆனதும் கூடுதல் மின்னோட்டத்துக்கு வழி செய்தார்கள் என்பது இதிலிருந்து தெளிவு.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 வோல்ட்டில் 120 வாட் இழுக்கும் பிராசசருக்கு 100 ஆம்பியர் வேண்டும். அதை 146 தொடுபுள்ளிகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 0.68 ஆம்பியர். 128 என்றால் 0.78 ஆம்பியர். கூடுதல்தான், பழைய சாக்கெட் உருகிவிடும் அளவுக்கு இல்லை. 65 வாட்டுக்குள் நிற்கும் பிராசசருக்கு இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல. ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டும்) எட்டு கோர் பிராசசரில் மட்டும் இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

மற்ற பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் மதர்போர்டு சிப்பான சிப்செட்தான் தடை என்ற வாதம் நிற்கவே நிற்காது. 2017இல் வந்த இசட்370 சிப்செட், இசட்270 போலவே 22 நானோமீட்டரில் செய்யப்பட்டது. வசதிகளிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2018 இறுதியில் இன்டெல் பி365 என்ற சிப்செட்டை வெளியிட்டது. அதுவும் பழைய 22 நானோமீட்டர் வகை. அதில் 8, 9ஆம் தலைமுறை பிராசசர்கள் அதிகாரபூர்வமாகவே ஓடின. எச்310சி என்ற சிப்செட்டின் கதையும் அப்படித்தான். பழைய வகை சிப்செட்டோடு புதிய பிராசசரை இன்டெல்லே விற்றிருக்கிறது என்றால், சிப்செட்டைக் காரணம் காட்டுவதில் நியாயம் இல்லை. நல்ல மதர்போர்டுகளை வாங்கிய ஒரு வருடத்துக்குள் பழம்பொருளாக்கியது தொழில்நுட்பம் அல்ல, வணிக முடிவு என்பதே என் கருத்து.

எந்த மதர்போர்டு இதற்கு ஏற்றது?

கடைகளில் தனியாக விற்ற, பெயர் பெற்ற நிறுவனங்களின் மதர்போர்டு என்றால் வாய்ப்பு அதிகம். பயாஸ் சிப்பைக் கழற்றி மாட்டும் வகையில் சிறு சாக்கெட்டில் வைத்திருக்கும் மதர்போர்டு கிடைத்தால் அதையே எடுங்கள்; பாதி வேலை மிச்சம்.

அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்கப்பட்ட பிராண்டட் கணினிகளை இதற்குத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் 'பூட் கார்டு' என்ற பூட்டு இயங்குகிறது. நிறுவனத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் சிப்செட்டுக்குள்ளேயே அழிக்க முடியாதபடி பதிக்கப்பட்டிருக்கும். பயாஸில் சரிபார்க்கப்படும் பகுதியைத் தொட்டாலே கணினி எழாது. அதைச் சுற்றிப் போவது சாதாரணமாக ஆகிற காரியம் இல்லை.

அடுத்து, சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சுற்றைப் பாருங்கள். பிராசசருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகள் மேல் அலுமினிய வெப்பத்தகடு இருக்கிறதா? மூன்று கட்ட மின்சுற்றும் வெறும் மாஸ்ஃபெட்டுகளுமாக இருக்கும் மலிவான எச்110 என்றால் நான்கு கோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த பிராசசரை வாங்கலாம்?

முதல் முயற்சி என்றால் கோர் ஐ3-8100. நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். இரண்டு கோர் மட்டுமே உள்ள ஐ3-6100இலிருந்து மாறுபவர்களுக்கு இதுவே பெரிய தாவல். நான்கு கோர் காஃபி லேக்கின் மின்தேவை பழைய நான்கு கோர் பிராசசர்களை ஒத்திருப்பதால், தொடுபுள்ளிகளை மறைக்கும் வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

ஓரளவு நல்ல பி150, பி250, எச்270 மதர்போர்டு இருந்தால் ஐ5-8400 அல்லது ஐ5-9400எஃப். இரண்டும் ஆறு கோர், 65 வாட். என் பார்வையில் உழைப்புக்கு ஏற்ற பலன் தருவது இந்த இடம்தான். 9400எஃப்பில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு அது குறையல்ல, பயாஸ் வேலையில் ஒரு தலைவலி குறைவு.

ஐ9-9900கே எட்டு கோர், பதினாறு த்ரெட். பெட்டியில் 95 வாட் என்று போட்டிருக்கும், அது 3.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்துக்கான கணக்கு. எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடும்போது அதைவிட வெகுவாக அதிகம் இழுக்கும். உறுதியான இசட்170 அல்லது இசட்270, நல்ல வெப்பத்தகடு, பயாஸில் மின்வரம்பு ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே யோசியுங்கள்.

10ஆம் தலைமுறையைக் கேட்பவர்களுக்கு: அதற்கு எல்ஜிஏ1200 சாக்கெட். இதில் உட்காராது.

பயாஸில் சரியாக எதை மாற்றுகிறார்கள்?

முதலில் மைக்ரோகோட். ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கணினியை இயக்கியதும் பயாஸ் அந்த எண்ணுக்குரிய சிறு நிரலைத் தேடிப் பிராசசருக்குள் ஏற்றும். பழைய பயாஸில் 6, 7ஆம் தலைமுறைக்கு உரியவை மட்டுமே இருக்கும். காஃபி லேக்கிலேயே நான்கு கோருக்கு ஒன்று, ஆறு கோருக்கு ஒன்று, 9ஆம் தலைமுறையில் வெவ்வேறு பதிப்புகளுக்கு வெவ்வேறு என்று பல மைக்ரோகோடுகள் உள்ளன. வாங்கிய பிராசசருக்கு உரியது எது என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். சிப்பில் இடம் போதவில்லை என்றால் பழையவற்றில் தேவையற்றதை நீக்குவார்கள்.

அடுத்து, உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கான பகுதி. அது பழையதாகவே இருந்தால் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் படம் வராமல் போகலாம். பிராசசரோடு நேரடியாகப் பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கான பகுதியிலும் திருத்தம் வேண்டும். இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டு தெரியாமல் போகும். கடைசியாக, சிப்செட்டுக்குள் இயங்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின். சில மதர்போர்டுகளில் அதன் பதிப்பை மாற்றவோ அதை முடக்கவோ வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் செய்ய 'காஃபிடைம்' என்ற இலவச மென்பொருளை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். முன்பு பல கருவிகளை வைத்துக்கொண்டு கையால் செய்ததை அது எளிதாக்கிவிட்டது.

என் மாடலுக்கே திருத்திய பயாஸ் இணையத்தில் கிடைக்கிறது. அதை அப்படியே எழுதலாமா?

எழுதாதீர்கள். உங்கள் சிப்பில் இருக்கும் பயாஸில் உங்கள் மதர்போர்டுக்கே உரிய விவரங்கள் இருக்கின்றன: வரிசை எண், பல மதர்போர்டுகளில் லேன் இணைப்பின் மேக் முகவரி, மேனேஜ்மென்ட் எஞ்சினின் அமைப்புகள். இன்னொருவரின் கோப்பை எழுதினால் அவருடைய விவரங்கள் உங்கள் கணினிக்கு வந்துவிடும், உங்களுடையவை அழிந்துவிடும். முன்பின் தெரியாதவர் கொடுத்த பயாஸுக்குள் வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை ஆன்டிவைரஸ் எளிதில் கண்டுபிடிக்காது. உங்கள் சிப்பிலிருந்து எடுத்த பிரதியைத் திருத்துங்கள். அதையே திரும்ப எழுதுங்கள்.

சிப்பிலிருந்து பிரதி எடுப்பது எப்படி?

விண்டோஸில் இயங்கும் நிறுவன மென்பொருள் திருத்திய கோப்பைக் கையொப்பம் இல்லை என்று நிராகரித்துவிடும். அதனால் சிப்பைப் படித்து எழுதும் கருவியான 'சிஎச்341ஏ' என்ற சிறிய யுஎஸ்பி புரோகிராமரும், எட்டுக் கால் சிப்பைப் பிடிக்கும் கிளிப்பும் தேவை. விலை குறைவுதான். ஆனால் இதன் கறுப்பு நிறப் பலகையில் ஒரு கோளாறு உண்டு. சிப்புக்குத் தரும் மின்சாரம் 3.3 வோல்ட் என்றாலும், தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். 3.3 வோல்ட் சிப்புகள் அதைத் தாங்கிக்கொண்டு ஓடுவதுண்டு; அதை நம்பி இறங்க வேண்டாம். 3.3 வோல்ட்டுக்கு மாற்றிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மின்வயரைக் கழற்றிவிட்டு, நாணய வடிவ பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். சிப்பின் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் பிடித்தால் சிப் சூடாகும். விரலை வைத்துப் பார்த்தாலே தெரியும், உடனே எடுத்துவிட வேண்டும்.

இந்த மதர்போர்டுகளில் பெரும்பாலும் 16 மெகாபைட் சிப்தான் இருக்கும். படித்த கோப்பின் அளவு அப்போது மிகச் சரியாக 16,777,216 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் கூடினாலும் அது பிரதி அல்ல. திறந்து பார்த்தால் முழுவதும் ஒரே எழுத்தாக நிரம்பியிருந்தால் கிளிப் சரியாகக் கடிக்கவில்லை என்று பொருள். கிளிப்பை எடுத்து மறுபடி பொருத்தி, மறுபடி படியுங்கள். தனித்தனியாகப் படித்த கோப்புகள் ஒரு பைட்கூட வித்தியாசமில்லாமல் ஒத்துப்போகும் வரை எழுதும் பொத்தானைத் தொடக் கூடாது. அந்த மூலப் பிரதியை வேறொரு கணினியிலும் பென்டிரைவிலும் வையுங்கள். பிற்பாடு எது தவறினாலும் மதர்போர்டை உயிர்ப்பிக்கப்போவது அந்தக் கோப்புதான்.

சில மதர்போர்டுகளில் கிளிப் வழியாகச் செல்லும் மின்சாரத்தைச் சிப் மட்டுமல்லாமல் மதர்போர்டின் மற்ற பகுதிகளும் இழுத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பு வரும். அங்கே சிப்பைச் சூட்டுக்கருவியால் கழற்றித்தான் படிக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கைப்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவருக்கு இது தினசரி வேலை.

பிராசசரில் டேப் ஒட்டுவது எதற்கு? எப்படி?

பழைய மதர்போர்டில் வேறொன்றுக்காக இருக்கும் சாக்கெட் பின், புதிய ஆறு அல்லது எட்டு கோர் பிராசசரின் மின்தொடுபுள்ளியைத் தொடும் இடங்கள் உண்டு. அங்கே வெப்பம் தாங்கும் கேப்டான் டேப்பைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டி, தொடர்பைத் துண்டிக்கிறார்கள். இன்னொன்று, 'சாக்கெட்டில் பிராசசர் இருக்கிறது' என்று அறிவிக்கும் புள்ளி. இடம் மாறிவிட்டதால் சில மதர்போர்டுகள் சாக்கெட் காலி என்று நினைத்து மின்சாரமே தராது. அங்கே குறிப்பிட்ட ஒரு புள்ளியைத் தரையிணைப்போடு சேர்க்க வேண்டும். மின்சாரம் கடத்தும் வெள்ளி மையை மிக மெல்லிய தூரிகையால் தொட்டு வைப்பது வழக்கம்.

எந்தெந்தப் புள்ளிகள் என்பது மதர்போர்டைப் பொறுத்து மாறும். உங்கள் மாடலில் செய்து முடித்தவர்களின் வரைபடத்தைப் பாருங்கள். அதில் மிக முக்கியமான ஒன்று: அந்தப் படம் சாக்கெட்டை மேலிருந்து பார்த்து வரைந்ததா, பிராசசரைக் கவிழ்த்துப் பார்த்து வரைந்ததா? இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறி இருக்கும். மூலையிலுள்ள முக்கோணக் குறியையும் விளிம்பிலுள்ள இரண்டு வெட்டுக்குறிகளையும் வைத்துத் திசையை உறுதிசெய்த பிறகே கத்தரியை எடுங்கள். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உருப்பெருக்கிக் கண்ணாடியும் கூர்முனை இடுக்கியும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். டேப்பின் ஓரம் பக்கத்துப் புள்ளியின் மேல் ஏறியிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். பிராசசரைச் சாக்கெட்டில் நேராக இறக்குங்கள். தேய்த்து நகர்த்தினால் டேப்பும் நகரும், சாக்கெட் பின்னும் வளையும்.

எல்லாம் முடித்து இயக்கினேன். விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை.

பொறுங்கள். முதல் தடவை நினைவகத்தைச் சோதிக்க நேரம் எடுக்கும். தானாக அணைந்து மறுபடி எழுவதும் உண்டு. சில நிமிடம் ஆகியும் வராவிட்டால், ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் இணைப்பில் பாருங்கள். உள்ளமைந்த கிராஃபிக்ஸில் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கார்டைப் போட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்று வேலை செய்தால் பயாஸின் எந்தப் பகுதி திருத்தப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

அதுவும் பலிக்காவிட்டால் பழைய பிராசசரை மாட்டி, அதே திருத்திய பயாஸோடு இயக்குங்கள். எழுந்தால் பயாஸ் கோப்பு பெரும்பாலும் நலம். பிரதானச் சந்தேகம் டேப்பின் மேலும் மையின் மேலும். எழாவிட்டால் மூலப் பிரதியை எழுதிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பழைய பிராசசரை வேலை முடியும் முன் விற்றுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

விண்டோஸ் 11 போட முடியுமா?

பலர் இதில் இறங்குவதே இதற்காக. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் 8ஆம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. காஃபி லேக் மாட்டினால் பிராசசர் நிபந்தனை நிறைவேறுகிறது.

ஆனால் பாதுகாப்புத் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற வசதியும் வேண்டும். இந்த மதர்போர்டுகளில் 'பிடிடி' என்ற பெயரில் அது மேனேஜ்மென்ட் எஞ்சினுக்குள் இயங்குகிறது. பயாஸ் திருத்தும்போது அந்த எஞ்சினை முடக்கினால் டிபிஎம்மும் சேர்ந்து போய்விடும். முடக்காமல் ஓட்டும் வழி உங்கள் மாடலுக்கு உண்டா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால், மதர்போர்டில் அதற்கான இணைப்பு இருக்கும்பட்சத்தில் தனி டிபிஎம் சிப் வாங்கலாம். விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் பயாஸைத் தொடும் முன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். டிபிஎம் மாறியவுடன் வட்டு அதைத்தான் கேட்கும்.

மின்சுற்று தாங்குகிறதா என்று எப்படி அறிவது?

அரை மணி நேரம் எல்லாக் கோர்களுக்கும் முழுச் சுமை கொடுத்துப் பாருங்கள். வேகம் திடீரென்று விழுந்து விழுந்து எழுந்தால், பிராசசர் வெப்பம் குறைவாகவே இருந்தால், பெரும்பாலும் மாஸ்ஃபெட்டுகள்தான் சூடாகின்றன. மலிவான மதர்போர்டுகளில் அங்கே வெப்ப உணரி இருக்காது. அகச்சிவப்பு வெப்பமானியால் குறிபார்த்து அளக்கலாம். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்துங்கள். பயாஸில் நீண்டநேர மின்வரம்பை 65 வாட்டாக வைத்து, சிறு வெப்பத்தகடுகளை ஒட்டி, ஒரு விசிறியை அந்தப் பக்கம் திருப்பினால் நிலைமை வெகுவாக மாறும். அன்றாட வேலையில் வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது.

ஏஎம்டியில் இதே சிக்கல் உண்டா?

இருந்தது, தீர்ந்தது. 2020 மே மாதத்தில், ரைசன் 5000 வரிசை பிராசசர் பி450, எக்ஸ்470 மதர்போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி சொன்னது. 16 மெகாபைட் சிப்பில் எல்லாத் தலைமுறைக்கும் இடமில்லை என்பது ஒரு காரணம். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், அதே மாதத்தில் நிறுவனம் முடிவை மாற்றியது. 2022இல் 2017ஆம் ஆண்டின் எக்ஸ்370, பி350, ஏ320 வரைக்கும் ஆதரவு நீண்டது. புரோகிராமரும் டேப்பும் இல்லாமல், நிறுவனத்தின் பயாஸைத் தரவிறக்கிப் பயன்படுத்தினால் போதும். வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால் கிடைத்தது அது. இன்டெல் பக்கம் அப்படி ஒரு கதவு திறக்கவே இல்லை.

இன்னும் பழைய எல்ஜிஏ775 மதர்போர்டில் சியான் போடலாமா?

எல்ஜிஏ771 சாக்கெட்டுக்கான இன்டெல்லின் சர்வர் பிராசசர்களான சியான்களை, இரண்டு புள்ளிகளை இடம் மாற்றும் ஸ்டிக்கர் ஒட்டி 775இல் ஓட்டுவது பழைய வித்தை. இ5450 போன்ற நான்கு கோர் சியான்கள் அதில் நன்றாக ஓடின. லினக்ஸ் போட்டு எழுத்து வேலைக்குப் பயன்படுத்தலாம். எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் அந்தப் பிராசசர்களில் இல்லை. அவை இல்லாமல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எழவே எழாது. இன்று அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

யார் இதைச் செய்யக் கூடாது?

பிழைப்புக்கு ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர், பிள்ளைகளின் தேர்வு நெருங்கும் வீடு, கணக்கு வழக்குகள் அதே கணினியில் இருக்கும் கடை. ஒரு வாரம் கணினி இல்லாமல் இருக்க முடியாதவர்கள் வேண்டாம். புரோகிராமர், கிளிப், டேப், பிராசசர் எல்லாம் சேர்ந்து, 8, 9ஆம் தலைமுறையை நேரடியாக ஏற்கும் பழைய எச்310 மதர்போர்டின் விலையை நெருங்குகிறது என்றால் அந்த மதர்போர்டையே வாங்குங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

நிறுவனம் தரும் புதிய பயாஸை இனி அப்படியே ஏற்றக் கூடாது. ஏற்றினால் திருத்தம் எல்லாம் போய், கணினி எழாது. இன்டெல் பாதுகாப்புக் குறைகளுக்காக மைக்ரோகோட் வெளியிடும்போது, விண்டோஸும் லினக்ஸும் பலவற்றைத் தாமே ஏற்றிக்கொள்ளும். பயாஸில் இருப்பதைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு. விற்கும் நாள் வந்தால் மூலப் பயாஸை எழுதி, பழைய பிராசசரோடு கொடுங்கள். புதிய பிராசசரோடு அப்படியே விற்பதென்றால், செய்த மாற்றங்களை வாங்குபவரிடம் முன்பே சொல்லி, மூலப் பிரதி உள்ள பென்டிரைவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.